கைக்கு வந்த மீன்

ஏனுங் அம்மிணி, அந்தச் சன்னலோரத்த எனக்குத் தருவீங்களா? எறக்கத்துல எனக்கு வயித்தப் பொரட்டும். ஏறும்போது ஒண்ணும் பண்ணாது, எறங்கும்போதுதான். நல்லாருப்பீங்க சாமி. பையக் காலுக்கடியில வெச்சுக்கறேன், உங்களுக்கு எடைஞ்சலா இல்லீங்களே?

நெடி அடிக்குதுங்களா? மூக்கச் சுளிச்சீங்க, அதான் கேட்டேன். என்ற கைதானுங். சோப்புப் போட்டுத்தான் கழுவுனேன், போக மாட்டேங்குது. மீன் நெடி. காலைல ஒரு மீனப் புடிச்சேன். சிரிக்காதீங்க. எங்க வூட்டுல கவுச்சின்னாலே கோழியும் ஆடுந்தான், மீனக் கையில தொட்டதில்ல நான். இந்த வயசுல ஆத்துல எறங்கித் தூண்டில் வீசி மீன் புடிச்சேன்னா எங்கூர்ல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. நம்ப வேண்டாம்னுதான் நானும் நெனைக்கறேன்.

எனக்குக் காரமடைக்குப் பக்கமுங். பையன் ஒருத்தன், சம்பத்து. லாரி வெச்சிருக்கான். ஊட்டி மலைல கேரட்டு, முட்டைக்கோசு ஏத்திக்கிட்டு வந்து மேட்டுப்பாளையம் மண்டில எறக்குவான். அப்படி லோடு ஏத்தப் போனவன் ஒரு பொண்ணையும் ஏத்திக்கிட்டு வந்துட்டான். இதுக்குச் சிரிங்க, சிரிக்கலாம். மேனகான்னு பேரு. அவங்கப்பா அங்க எமரால்டுன்னு ஒரு ஊரு, அதுக்கு அந்தாண்ட ஒரு ஆத்துக்குக் காவக்காரரு. ஆத்துக்கு என்னத்துக்குடி காவலுன்னு நானும் கேட்டேன். வெள்ளக்காரன் காலத்துல கொண்டாந்து உட்ட மீனாமா, டிரவுட்டுன்னு சொல்றாங்க. சீட்டு வாங்கித்தான் புடிக்கோணும், தூண்டில்லதான் புடிக்கோணும், வலை போடக் கூடாது. அதப் பாத்துக்கற வேலை. அவரு போயிச் சேந்துட்டாரு. மவளுக்குன்னு உட்டுட்டுப் போனது ஒரு தூண்டில் குச்சி, மூங்கிலச் சீவி ஒட்டிச் செஞ்சது. கண்ணாலம் ஆகி எங்க வூட்டுக்கு வரயில அதைத்தான் சீரு கணக்கா நெஞ்சோட அணைச்சுத் தூக்கிட்டு வந்தா.

நல்லவதானுங். இல்லாதத நான் சொல்ல மாட்டேன். எங்கிட்ட ஒரு சாவலு இருக்குதுங், நல்ல செவப்பு, கழுத்து மட்டும் தங்கமாட்ட மின்னும். குஞ்சுல இருந்து நான் கையில தீனி வெச்சு வளத்தது, வேற ஆரு வெச்சாலும் திங்காது. அதுங் கழுத்துல இருந்து உதுந்த எறகப் பொறுக்கி வெச்சுக்குவா. கொக்கில நூலச் சுத்தி, எறக வெச்சுக் கட்டி, பூச்சியாட்டமே பண்ணிருவா. ஞாயித்துக்கெழம ஆச்சுன்னா குச்சியத் தூக்கிக்கிட்டு மலைக்கு பஸ்ஸேறிருவா. அங்க வர்ற டூரிஸ்டுங்களுக்கு மீன் புடிக்கச் சொல்லிக் குடுக்கறது. சம்பத்துக்கு அது புடிக்கல. ஆம்பளைங்களோட ஆத்துல நிக்கறது எந்த ஊரு பழக்கம்னு கேப்பான். கேக்கத்தானுங் செய்வான்?

ஒரு நா சாயந்தரம் பேச்சு முத்திப் போச்சு. கோவக்காரன், அவ்வளவுதான், மத்தபடி தங்கம். அந்தக் குச்சியப் புடுங்கி முட்டில வெச்சு ஒடிச்சுப்போட்டான். இவ உட்ருக்கலாமில்லீங்? உட மாட்டேன்னு புடிச்சுக்கிட்டே நின்னா. குச்சியோட சேந்து ரெண்டு வெரலும் போச்சு. மோதர வெரலும் சுண்டு வெரலும். கட்டுப் போட்டும் சரியாக் கூடல, இன்னைக்கும் மடங்காது. ஒரு குச்சி, அம்மிணி. ஒரு குச்சிக்காக வூட்ட உட்டுப் போறவ எங்கயாச்சும் இருக்காளா? இவ போயிட்டா.

அவ போனதுக்கப்பறம் வூடு வூடா இல்லீங். அவ இருந்த வரைக்கும் எங்கிட்ட அவன் ஒரு சத்தம் போட்டதில்ல. இப்பச் சோறு ஆறுனாச் சத்தம், டிவி ரிமோட்டக் காணோம்னாச் சத்தம். அன்னைக்குக் குக்கரத் தூக்கி வீசுனான் பாருங்க, நாந்தான் சித்தெ நகந்துட்டேன், செவுத்துல பட்டுது. பொண்டாட்டி இல்லாத ஏக்கமுங். அவ வந்துட்டா எல்லாஞ் சரியாப் போயிருமில்லீங்? அதுக்குத்தான் நானே கெளம்புனேன். வெள்ளிக்கெழமைக்குள்ள கூட்டிட்டு வா, இல்லீன்னா நானே போயி இழுத்தாருவேன்னு சொல்லித்தான் அவனும் பஸ்ஸேத்தி உட்டான். போகயில வெறுங்கையோட போகக் கூடாதுன்னு ஒரு கவர் நெறைய சாவல் எறகு எடுத்துக்கிட்டேன்.

மேனகாவோட அப்பா காவலிருந்த அதே ஆத்தோரமா ஒரு காட்டேஜு, அதுக்குப் பின்னால ஒத்த ரூம்பு, அங்கதான் இருக்கறா. என்னப் பாத்ததும் ஓடியாந்து பைய வாங்கிக்கிட்டா. அந்தக் குளுருல ஸ்வெட்டர் கைய முழங்கை வரைக்கும் சுருட்டி உட்டுக்கிட்டுத் திரியறா. எனக்குப் பல்லு கிட்டுது. "ஏண்டி, குளுரலியா உனக்கு?" "எனக்கு இது பழகுனதுதானே அத்தை"ன்னா. எறகு கவரப் பிரிச்சு, ஒவ்வொண்ணா வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா.

அன்னைக்கு ராத்திரியே ஆரம்பிச்சுட்டேன். குடும்பம்னா அப்படி இப்படி இருக்கும், ஒரு குச்சிக்காக வாழ்க்கையக் கெடுத்துக்கறதான்னு கேட்டேன். திருப்பித் திருப்பிக் கேட்டேன். எங்கிட்ட ஒரு பழக்கம், உட மாட்டேன். கடைசீல அவ கையெடுத்துக் கும்புட்டா.

"அத்தை, உங்களுக்கு அது குச்சி. நான் ஒண்ணு சொல்றேன். அந்த மாதிரி ஒரு குச்சிய நீங்க கையில புடிங்க. இந்த ஆத்துல ஒரே ஒரு டிரவுட்ட நீங்களே வீசி, நீங்களே இழுத்து, உங்க கைக்குக் கொண்டு வாங்க. அப்பவும் குச்சிதான்னு தோணுச்சுன்னா, நான் மறு பேச்சுப் பேசாம உங்க கூட பஸ் ஏறறேன். எங்கப்பா மேல சத்தியம்."

எங்க இந்தக் கெழவி புடிக்கப் போறான்னுதான் சொல்லியிருப்பா. எனக்கு ரோசம் வந்துருச்சு. வயக்காட்டுல நாத்து நட்ட கை இது, ஒரு மீனு புடிக்காதான்னு நெனச்சுப்போட்டேன்.

நெனப்புத்தான். மொத நாளு அவளோட ரப்பர் பூட்ஸ மாட்டி உட்டா, சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டேன். இது நம்ம ஊருத் தூண்டிலாட்டம் புழுவக் குத்திப் போட்டுட்டு உக்காந்திருக்கறது இல்லீங். அந்த எறகுப் பூச்சிக்கு எடையே இல்ல, ஊதுனாப் பறந்துரும். அத எறிய முடியாது, கயித்தத்தான் எறியோணும். கயிறு பின்னால போயி முழுசா நீளோணும், நீண்டதுக்கப்பறந்தான் முன்னால வீசோணும். அது நீள்ற வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு நிக்கோணும். எனக்குப் பொறுமை ஏது? மாட்ட அடிக்கற கணக்கா வீசுவேன். படீர்னு சத்தங் கேக்கும், பூச்சி அத்துட்டுப் போயிரும். ஒருக்கா என்ற கொண்டைலயே வந்து மாட்டிக்கிச்சு. அவ சிரிச்சா பாருங்க. கண்ணாலம் ஆன புதுசுல சிரிச்சது, அதுக்கப்பறம் அன்னைக்குத்தான் கேட்டேன்.

அப்பறம் நடக்கச் சொல்லிக் குடுத்தா. மீனு எப்பவும் தண்ணி வர்ற பக்கம் மூஞ்சிய வெச்சுத்தான் நிக்குமாமா. அதனால நாம பின்னால இருந்து போகோணும். நெழலு தண்ணில உழுகக் கூடாது, கால்ல கல்லு உருளக் கூடாது. நான் தொப்பு தொப்புன்னு கால வெச்சேன். "அத்தை, அவரு தூங்கும்போது நாம வீட்டுக்குள்ள எப்படி நடப்போம்? அப்படி நடங்க"ன்னா. அது எனக்கு உடனே வந்துருச்சுங். அன்னைல இருந்து நட விசயத்துல ஒரு கொறை சொல்லல அவ.

ஒண்ணு சொல்லோணும். கள்ளமில்லாமச் சொல்லிக் குடுத்தா. தப்புத் தப்பாச் சொல்லிக் குடுத்திருந்தா எனக்கென்ன தெரியும்? மீனில்லாத பக்கமாக் கொண்டு போயி நிறுத்தியிருந்தா வெள்ளிக்கெழம வரைக்கும் சும்மா கயித்த வீசிட்டுக் கெளம்பியிருப்பேன். அவ அப்படிப் பண்ணல. என்ற கையப் புடிச்சு, இப்ப நிறுத்துங்க, இப்ப வீசுங்கன்னு, அத்தன பொறுமை. அவ வெரலு ரெண்டும் என்ற மணிக்கட்டு மேல குச்சியாட்டம் நீட்டிக்கிட்டு நிக்கும். நான் தண்ணிப் பக்கம் திரும்பிக்குவேன்.

சாயந்தரமானா மேட்டுல ஏறுனாத்தான் போனுக்கு டவரு கெடைக்கும். ஏறுன ஒடனே அவந்தான் கூப்புடுவான். என்னாச்சு, வர்றாளா இல்லியாம்பான். வந்துருவா சாமி, மீனு ஒண்ணு மாட்டுனா வந்துருவாம்பேன். "மீனா? என்ன வெளையாடறீங்களா ரெண்டு பேரும்?" அப்பறம் அவன் பேசுனதெல்லாம் உங்ககிட்டச் சொல்ல முடியாது, ஏதோ பேசுவான். எறங்கி வந்தா, அவ சோத்தப் போட்டு வெச்சுட்டு, அடுப்புக்கிட்ட உக்காந்து பூச்சி கட்டிக்கிட்டு இருப்பா. மடங்காத வெரலு குறுக்க வரும், பல்லுல நூலக் கடிச்சு இழுத்துக்குவா.

வியாழக்கெழம ஒரு மீனு வந்து பூச்சிய மோந்து பாத்துட்டுத் திரும்பிருச்சு. எனக்கு ராத்திரி பூராத் தூக்கமில்ல. வெறுங்கையோட போனா அவன் என்ன சொல்லுவான், என்ன பண்ணுவான்னு அதே நெனப்பு. கருப்பராயா, ஒரே ஒரு மீனக் குடுத்துருன்னு வேண்டிக்கிட்டுக் கெடந்தேன்.

இன்னைக்கு வெள்ளிக்கெழமை இல்லீங்களா. விடிஞ்சும் விடியாம எறங்கிட்டோம். பனி, எதுத்தாப்புல இருக்கற கரை தெரியல. ஒரு பெரிய பாறை, அதுக்குப் பின்னால தண்ணி கறுப்பா நிக்கும். அவ காட்டுனா, பேசல, கண்ணாலதான் காட்டுனா. நான் எங்கூட்டு நடை நடந்து போயி நின்னேன். கயித்தப் பின்னால உட்டேன். பொறுத்தேன். முன்னால வீசுனேன். பூச்சி தண்ணில உழுந்ததே எனக்குத் தெரியல, அத்தன மெதுவா உழுந்துது. என்ற சாவல் எறகு, மெதந்து வந்துச்சு. ஒரு மூக்கு மட்டும் மேல வந்து அத உள்ள இழுத்துக்கிச்சு.

"தூக்குங்க!"ன்னா. தூக்குனேன். அம்மிணி, அந்தக் குச்சி வழியா அந்த உசுரு என்ற முழங்கை வரைக்கும் வந்துச்சு! நான் பயந்து போயி கயித்த இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன். "உடுங்கத்தை! கயித்த உடுங்க, இறுக்கிப் புடிச்சா அத்துரும்!" "உட்டா ஓடிருமே!" "ஓடட்டும்! ஓடிட்டுத் தானா நிக்கும், அப்ப இழுங்க!" உட்டேன். ஓடுச்சு. நின்னுச்சு. இழுத்தேன். மறுக்கா ஓடுச்சு. காலடில கல்லு வழுக்கி நான் சாய, அவ பின்னால வந்து என்ற இடுப்பக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. பூட்ஸுக்குள்ள ஐஸாட்டம் தண்ணி ஏறுது.

அப்ப ஒண்ணு நடந்துச்சுங். நூலு வெட்டறதுக்குச் சின்னதா ஒரு கத்திரி அவ கழுத்துல தொங்கும். அவ கை அதுக்குப் போச்சு. நான் பாத்தேன். கயிறு அவ மூஞ்சிக்கு நேராத்தான் ஓடுது. ஒரு வெட்டு வெட்டியிருந்தா முடிஞ்சுது, நான் என்னத்தக் கேக்க முடியும்? அந்தக் கை கத்திரியத் தொட்டுட்டு அப்படியே திரும்பி வந்து மறுபடியும் என்ற இடுப்பப் புடிச்சுக்கிச்சு. "மெதுவாத்தை. இப்ப உங்க பக்கம் வருது, மெதுவா"ன்னா. அவ கொரலு நடுங்குது. குளுருன்னு நெனச்சேன்.

வந்துருச்சுங். காலுக்கிட்ட வந்து பக்கவாட்டுல சாஞ்சுது. "கைய நனச்சுக்குங்க, காஞ்ச கையில தொட்டா அதுக்குத் தோலு வெந்துரும்"னா. நனச்சுக்கிட்டு ரெண்டு கையிலயும் அள்ளுனேன். ஒரு சாணுக்கு மேல இருக்கும். ஒடம்பு பூராக் கறுப்புப் புள்ளி, நடுவுல ரோசாக் கோடு. என்ற உள்ளங்கைல அதுக்கு நெஞ்சு அடிக்குது. எனக்கு அழுகையே வந்துருச்சு. கருப்பராயா குடுத்துட்டியேன்னு கத்துனேன். அவ பூச்சியக் கழட்டி உட்டா, மூணு வெரல்லதான். "புடிச்சுட்டீங்கத்தை, மொத மீனு"ன்னு சிரிச்சா. நெசமாத்தான் சிரிச்சா.

அப்பறம், "சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு, நான் போயித் துணி எடுத்து வைக்கிறேன்"னா. குச்சிதானான்னு என்ன ஒரு வார்த்த கேக்கல. சொல்லிட்டு, சுருட்டி உட்ருந்த ஸ்வெட்டர் கைய எறக்கி உட்டா. எறக்கி, வெரலு தெரியாத மாதிரி உள்ள இழுத்து மூடிக்கிட்டா.

எங்க வூட்டுல லாரிச் சத்தம் கேட்டா அப்படித்தானுங் பண்ணுவா. சேலை முந்தானய இழுத்து அந்தக் கையச் சுத்திக்குவா. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். குளுருது போலன்னு நெனச்சுக்குவேன்.

காரமடையில ஏதுங் அம்மிணி குளுரு?

கை நழுவிருச்சுங். ஈரக் கை இல்லீங்களா. காஞ்ச கையா இருந்திருந்தா நின்னிருக்கும், அவதான் நனைக்கச் சொன்னா. தண்ணிக்குள்ள போயி என்ற பூட்ஸுக்குப் பக்கத்துலயே சித்தெ நேரம் நின்னுச்சு, தண்ணி வர்ற பக்கம் மூஞ்சிய வெச்சுக்கிட்டு. அப்பறம் காணோம்.

"கைக்கு வந்துருச்சே அத்தை, அது போதும், கணக்குத்தான்"னா. பைத்தியக்காரி. கரைக்கு வந்துச்சா? கரைக்கு வராத மீனு எப்படிடி கணக்குல சேரும்னு கேட்டேன். "அப்படி ஒண்ணும் நாம பேசலயே"ன்னா. நான் உடல. நான் பெரியவளா நீ பெரியவளா, நான் தோத்துட்டேன், நீ வர வேண்டாம்னு அடிச்சுச் சொல்லிப்போட்டேன். என்ற ஈரக் கையப் புடிச்சுக்கிட்டா. "அப்ப நீங்களும் போகாதீங்க, இங்கயே இருங்க"ன்னா. இருக்க முடியுமுங்களா? நான் இல்லீன்னா என்ற சாவலுக்கு ஆரு தீனி போடறது? அதத்தான் சொன்னேன். அவ டீ வெச்சுக் குடுத்தா, பஸ்ஸேத்தி உட்டா.

இது பர்லியாரு இல்லீங்களா? டீக் குடிக்க நிறுத்தறாங்க போல. நீங்க எறங்கறீங்களா? நான் இல்லீங், வயிறு ஒரு மாதிரியா இருக்குது.

சித்தெ இருங்க. போனு. அவந்தான்.

அலோ... ஆமாண்டா, பர்லியாரு வந்துட்டேன்... இல்ல சாமி. நான் மட்டுந்தான்... மீனே கெடைக்கலடா. ஆத்துல மீனே இல்ல... கத்தாத, பஸ்ஸுல ஆளுங்க இருக்காங்க... என்னது? என்ன ஆக்கி வெச்சிருக்க?... எந்தச் சாவலு?... டேய். நம்ம சாவலா?... நான் உன்னக் கேட்டனா? நான் கேட்டனாடா?... எப்ப? நாளைக்கா?... சம்பத்து. அலோ. அலோ.

வெச்சுட்டான்.

சாவல அறுத்துப்போட்டானாமுங். பொண்டாட்டி வர்றான்னு காலைலயே அறுத்துக் கொழம்பு வெச்சிருக்கானாமா. வேற ஆரு தீனி வெச்சாலும் கிட்ட வராதே அது, எப்படிப் புடிச்சான்னு தெரியல. பாசந்தான் அவனுக்கு, பாசம் இல்லாம இல்ல. இப்ப அவ வல்லீன்னு சொன்னதும், விடிஞ்சா லாரிய எடுத்துக்கிட்டு அவனே மேல போறானாமா. வேற ஒண்ணுமில்லீங். கோவக்காரன், அவ்வளவு...

சித்தெ காலத் தூக்குங்க அம்மிணி, அந்தப் பைய எடுத்துக்கறேன்.

ஏனுங் கண்டக்டரு, ஊட்டி போற பஸ்ஸு இங்க நிக்குமுங்களா? ... இல்லீங், மறந்துட்டெல்லாம் வல்ல. டிக்கெட்டு போனாப் போகுது. அவன் போயி அந்த ரூம்பு வாசல்ல நிக்கறப்ப, அவனுக்கு முன்னால நான் நிக்கோணும். 

நீங்களே சன்னலோரத்துல உக்காந்துக்குங்க அம்மிணி. ஏறும்போது எனக்கு ஒண்ணும் பண்ணாது.